படிக்கட்டுக்குக் கீழே ஒரு சர்வர்

போன் அடித்தது.

ஒரு முறை... இரண்டு முறை... மூன்று முறை.

கண்ணாடிக்கடைக்காரர் எடுக்கவில்லை. கையிலிருந்த மூக்குக்கண்ணாடியின் ஸ்க்ரூவை இன்னும் அரைச் சுற்று திருகினார்.

"சார், போன்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்.

"அடிக்கட்டும். இப்போ உங்க மூக்குதான் முக்கியம்."

ஐந்தாவது முறை அடித்த பிறகே எடுத்தார். ஒன்றும் தெரியாதவன் அப்படித்தான் எடுப்பான் என்று அவருக்குத் தோன்றியது.

மனைவி. அவள் நர்ஸ். அழும்போதுகூட வார்த்தைகளை வரிசை மாறாமல் சொல்கிறவள்.

"இப்பத்தான் டியூட்டி முடிஞ்சு வந்தேன். அண்ணன் மாடிப்படிக்குக் கீழே கிடக்காரு. நாடி பார்த்துட்டேன். இல்லை."

"என்ன சொல்றே... மச்சானா... இதோ வரேன்."

குரல் சரியான இடத்தில் உடைந்தது. இரண்டு நாளாகப் பழகிய குரல் ஆயிற்றே!

ஏனென்றால்... அன்று மதியம் மூன்றே காலுக்கு மச்சானை அந்தப் படியிலிருந்து தள்ளிவிட்டது அவர்தான்.

கடையின் ஷட்டரை இறக்கினார். மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி ஓடியது. படிக்கட்டு கேமராவில் அரை மணி நேரம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்த ஒரு பதில் கிடைத்தால் கழுத்து தப்பும். கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கம்பிதான்.

---

எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது.

வீட்டுச் சர்வர் என்றால் மாயம் ஒன்றும் இல்லை. திரை இல்லாத, கீபோர்டு இல்லாத ஒரு கம்ப்யூட்டர். நிறுத்தவே மாட்டார்கள். வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப், கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் எதையாவது கொடுத்தால் வாங்கி வைக்கும். கேட்டால் எடுத்துக் கொடுக்கும். ஒரு நல்ல ஸ்டோர்கீப்பர் மாதிரி.

கண்ணாடிக்கடைக்காரர் அதை மாடிப்படிக்குக் கீழே, செருப்பு வைக்கும் இடத்தைக் காலி செய்துவிட்டு வைத்தார். முதலில் குடும்பப் படங்கள் மட்டும். அப்புறம் ஒன்றுக்கு இரண்டாக டிஸ்க் போட்டார். ஒன்றில் எழுதுவதை அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். அப்புறம் கேமராக்கள். அப்புறம் வாசலுக்கு நம்பர் பூட்டு. யார் எத்தனை மணிக்குத் திறந்தார் என்று சர்வர் எழுதி வைக்கும். அப்புறம் கரன்ட் போனாலும் தாங்க ஒரு யூபிஎஸ்.

ஒவ்வொன்றையும் மாட்டி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டு விளக்குவார். அவள் கேட்பது மாதிரி நின்றுகொண்டு காய் நறுக்குவாள்.

மாடியில் குடியிருந்த அவள் அண்ணன் அந்த மரியாதைகூடக் கொடுத்ததில்லை.

"மாப்ளே, இந்த வீட்டுல மாமியார் இல்லாத குறையை உன் டப்பா தீர்த்துடுச்சு. எந்நேரமும் முணுமுணுக்குது. யார் வர்றா, யார் போறான்னு பார்த்துக்கிட்டே இருக்குது" என்பார். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு வீட்டில் 'மாமியார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் சிரிப்பார். பல் மட்டும் சிரிக்கும்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சர்வர் வைத்திருப்பவனுக்கு ஒரு அரிப்பு உண்டு. இன்னும் எதற்குப் பயன்படுத்தலாம், இன்னும் எதற்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் நுழையும் எந்தப் போனும் வைஃபையில் சேர்ந்ததும் தன் படங்களையும் செய்திகளையும் சர்வருக்கு அனுப்பி வைக்கும்படி செய்தார். போன் தொலைந்தால் திரும்ப எடுக்கலாமே என்று சொன்னார். எல்லோர் போனிலும் அவரே உட்கார்ந்து அதைப் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம்... படிக்க ஆரம்பித்தார்.

முதலில் மனைவியுடையது. அப்புறம் மச்சானுடையது. வைஃபை கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தம்பதியின் போன்களிலும் 'சரி பண்ணித் தரேன்' என்று அதையே போட்டார். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதியதெல்லாம் படிக்கட்டுக்குக் கீழே வந்து விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் டிவியில் பழைய படம் தேடப் போய், சர்வரில் தப்பான இடத்தில் நுழைந்துவிட்டார். திரையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் படங்கள் வரிசையாக விரிந்தன.

அன்று மச்சான் 'மாமியார்' என்று கேலி செய்யவில்லை. 'மாப்ளே' என்றுகூடக் கூப்பிடவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். நீயே போய் அந்த வீட்டுல சொல்லு. என் தங்கச்சிகிட்ட சொல்லு. இல்லேன்னா நான் போலீஸ்ல சொல்லுவேன்."

"எல்லாத்தையும் அழிச்சிடறேன் மச்சான்."

"அழிச்சா? படிச்சதை எப்படிடா அழிப்பே?"

வியாழக்கிழமை மதியம் கண்ணாடிக்கடைக்காரர் வழக்கம்போல இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார். போனை லென்ஸ் தீட்டும் மேஜை மேல் வைத்துவிட்டார். போன் கடையில் இருந்தால் அவரும் கடையில் இருந்ததாகத்தானே அர்த்தம்? மூன்று மணி வாக்கில் பின் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தார். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

மாடியில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. மச்சான் படியிறங்கப் போகும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து இரண்டு கையாலும்...

அப்புறம் படிக்கட்டுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து வேலையை முடித்தார். வாசல் பூட்டின் பதிவில் அவர் வந்த வரியை எடுத்தார். படிக்கட்டு கேமராவில் மூன்றிலிருந்து மூன்றரை வரை அழித்தார். இரண்டு டிஸ்க்கிலும்! பக்கத்து வீட்டுப் படங்களையும் செய்திகளையும் துடைத்தார். மூன்றே முக்காலுக்கு மீண்டும் கடையில் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தார்.

---

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். குட்டையான உருவம். எதைக் கேட்டாலும் அது தனக்குப் புரியாத விஷயம் என்பது மாதிரியே கேட்டார்.

முதல் நாள் அதிகம் பேசவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். வாசல் பூட்டின் பதிவைக் காட்டி, மச்சான் மதியம் சாப்பிட வந்த பிறகு மனைவி வரும்வரை கதவு திறக்கப்படவே இல்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் விளக்கினார். போன் எங்கே இருந்தது என்பதை போன் கம்பெனியிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"கேட்டாச்சு சார். கடையிலதான் இருந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "படிக்கட்டுல ஒரு கேமரா இருக்கே?"

"இருக்கு மேடம். ஆனா அந்த நேரம் மட்டும் பதிவு இல்லை. ஏன்னு பார்க்கணும்."

"பாருங்க. நானும் பார்க்கறேன்."

அந்த 'நானும்' அவர் காதைவிட்டுப் போகவில்லை.

இரண்டு நாள் தூங்கவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லலாமா? பாதிகூட நிறையவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்றால், அதற்கு முன்னும் பின்னும் எப்படி ஓடியது? மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அண்ணனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரோடு சாதாரண உடையில் ஒரு ஆள். தோளில் லேப்டாப் பை.

"இவர் கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எக்ஸ்பர்ட் வணக்கம் சொல்லவில்லை. படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இதுவா சர்வர்?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. செருப்பு ஸ்டாண்டுன்னு நினைச்சேன்."

கண்ணாடிக்கடைக்காரரின் காது சூடானது.

இன்ஸ்பெக்டர் சோபாவில் உட்கார்ந்தார். ஒரு தாளை மேஜையில் விரித்தார். மனைவி சமையலறை வாசலில் கைகட்டி நின்றாள்.

"விஷயம் முடிஞ்சுது சார். வியாழக்கிழமை மதியம் மூணு மணியிலேருந்து மூணரை வரைக்கும் இந்தத் தெருவுல கரன்ட் இல்லை. உங்க சர்வர் நின்னு போச்சு. அதான் பதிவு இல்லை. உங்க மச்சான் கால் வழுக்கி விழுந்திருக்காரு. விபத்து. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைலை மூடிடுவேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை.

கரன்ட் இருந்தது! மாடியில் ஃபேன் ஓடியது அவருக்கல்லவா தெரியும்? எந்தத் தெருவையோ இந்தத் தெரு என்று யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளாக அவர் தேடிய பதிலைப் போலீஸே தட்டில் வைத்து நீட்டுகிறது!

"அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றார். பேனாவைக் கையில் எடுத்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க. அப்புறம் படிக்கலைன்னு சொல்லக் கூடாது."

படித்தார்.

முதல் இரண்டு வரி சரி. மூன்றாவது வரியில் கண் நின்றது.

'மேற்படி சர்வர், தொழில் அறிவு இல்லாத ஒருவரால் அரைகுறையாகக் கட்டப்பட்டதால், மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட்டது. அதைக் கட்டியவன் நானே என்று ஒப்புக்கொள்கிறேன்.'

பேனா தாளுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது.

"இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாமே மேடம்."

"எடுக்க முடியாது சார். நின்னுச்சுன்னு சொன்னா, ஏன் நின்னுச்சுன்னு மேலே கேட்பாங்க."

"யூபிஎஸ் இருக்கே. கரன்ட் போனாலும் மூணு மணி நேரம்..."

அவரே சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்ன பேசுகிறோம்? கழுத்திலிருந்து கயிறு கழன்று விழும் நேரத்தில் யூபிஎஸ் பேச்சா?

"யூபிஎஸ்?" எக்ஸ்பர்ட் சிரித்தார். "அந்தக் கறுப்பு டப்பாவா? பொம்மை ரயில்கூட ஓடாது. இது விளையாட்டுச் சாமான் மேடம். டிஸ்க்கை மாட்டியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க. கரன்ட் கண்ணடிச்சாலே செத்துடும். இவர் கண்ணாடிக் கடையோட நிறுத்திக்கிட்டிருக்கலாம்."

கண்ணாடிக்கடைக்காரர் பேனாவை இறுக்கிப் பிடித்தார். ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் இந்தக் கூட்டம் போய்விடும். அவர் பேனா முனையைத் தாளில் வைத்தார். முதல் எழுத்தின் சுழியும் போட்டுவிட்டார்...

"போடுங்க" என்றாள் மனைவி. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. "உண்மைதானே எழுதியிருக்கு? எங்க அண்ணன் உயிரோட இருந்தவரைக்கும் அதைத்தான் சொன்னாரு. டப்பான்னு."

பேனா மேஜையில் விழுந்தது.

"யாருடைய சர்வர் டப்பா?"

குரல் அவருடையது மாதிரியே இல்லை. தன் லேப்டாப்பை இழுத்து மேஜை நடுவில் வைத்தார். விரல்கள் தட்டிய வேகத்தில் மேஜை அதிர்ந்தது.

"இங்க பாருங்க மேடம். இதைப் பாருங்க. கடைசியா ஸ்டார்ட் பண்ணினதிலேருந்து எத்தனை நாள் நிக்காம ஓடிக்கிட்டிருக்குன்னு அதுவே சொல்லும். நானூத்திப் பன்னிரண்டு நாள். ஒரு நொடிகூட நின்னதில்லை. பெரிய பெரிய ஆபீஸ்லகூட இப்படி ஓடாது. நின்னு போச்சாம்..."

"எண்ணை யார் வேணா எழுதலாம்" என்றார் எக்ஸ்பர்ட், கொட்டாவி விட்டபடி.

"எழுதலாமா? சரி, இதுக்கு என்ன சொல்றீங்க? போன வாரம்தான் புதுசாப் போட்டேன்."

திரையில் ஒரு கோடு விரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் வாழ்நாளில் இவ்வளவு கவனமான ரசிகர்களைக் கண்டதில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார். மனைவி மேஜையருகே வந்து நின்றாள்.

அவர் விளக்கினார். ஆள் இல்லாத வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? ஆளோடு கூடவே நடமாடும் கருவிகள் எத்தனை வைஃபையில் சேர்ந்திருக்கின்றன என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கொள்ளும். சைபர் என்றால் வீடு காலி. உடனே ஃபேனை நிறுத்திவிடும். இதைக் கேட்கக் கேட்க யாருக்கும் வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளத் தோன்றும். இன்ஸ்பெக்டரே தலையாட்டினார்.

"அருமை சார். எனக்குக்கூடப் புரியுது. அப்போ வியாழக்கிழமையைக் காட்டுங்க. அந்த நேரத்துல எண்ணியிருந்தா, நீங்க சொல்றது சரி. இவர் சொல்றது தப்பு."

"இதோ."

கோட்டை நகர்த்தினார். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தார்.

"மூணு மணி, ஒண்ணு. மூணு அஞ்சு, ஒண்ணு. அது மச்சானோட போன். மூணு பத்து, ரெண்டு. மூணே கால், ரெண்டு. மூணு இருபது..."

நின்றார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? சர்வர் நிக்கலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் திரைக்கு இன்னும் நெருங்கினார்.

"வீட்டுல மச்சான் மட்டும்தான் இருந்தாருன்னு சொன்னீங்க. அந்த ரெண்டாவது யாரோடது?"

இன்ஸ்பெக்டர் தன் விரலை நீட்டி அந்தப் புள்ளியைத் தானே தொட்டார். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. இரண்டு வரி.

மச்சான் - போன்.

நான் - வாட்ச்.

எல்லோரும் கண்ணாடிக்கடைக்காரரின் இடது மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"போன் கடையில இருந்துச்சே சார். வாட்ச் மட்டும் எப்படி வீட்டு வைஃபைக்கு வந்துச்சு? எனக்குப் புரியலை."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் 'புரியலை' என்று யாராவது சொன்னால் அவரால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை!

"போன் பக்கத்துல இருந்தா வாட்ச் அது வழியாவே பேசிக்கும். வைஃபையைத் தேடாது" என்றார், கனவில் பேசுகிறவர் மாதிரி. "போனை எங்கேயாவது விட்டுட்டுப் போனாத்தான்... தனக்குத் தெரிஞ்ச வைஃபையைத் தேடிக்கிட்டுத் தானா போய்ச் சேரும்..."

வாக்கியம் முடிந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கு எட்டியது. மாட்டிக்கொள்ளக் கூடாது என்று போனைக் கடையில் விட்டார். விட்டதால்தான் மாட்டிக்கொண்டார்!

"கரன்ட் போனதா சொன்னது..." என்று இழுத்தார்.

"போகவே இல்லை. நான்தான் சொன்னேன்." இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "கால் வழுக்கினவங்க படியில முதுகு அடிபட விழுவாங்க. உங்க மச்சான் முகம் குப்புற அஞ்சு படி தாண்டி விழுந்திருக்காரு. அதை முதல்ல சொன்னது உங்க வீட்டம்மா. கொலைன்னு தெரியும், கையில ஆதாரம் எதுவும் இல்லை. உங்க பெட்டிக்குள்ள எங்க தேடணும்னுகூட எங்களுக்குத் தெரியாது. உங்களையே தேட வைக்கணும்னா என்ன வழின்னு அவங்ககிட்டத்தான் கேட்டேன்."

மனைவி புருஷனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"என்னைத் திட்டினா பொறுத்துக்குவாரு, அவரோட அப்பா அம்மாவைத் திட்டினாலும் பொறுத்துக்குவாரு, அதைத் திட்டினா மட்டும் பொறுக்கமாட்டாருன்னு சொன்னேன்" என்றாள். "இத்தனை வருஷம் உங்க விளக்கத்தை எல்லாம் நின்னு கேட்டவ நான். நீங்க எங்க மாட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்கடைக்காரர் கடைசி நம்பிக்கையாக எக்ஸ்பர்ட்டின் பக்கம் திரும்பினார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் பேசும் குரலில், டிஸ்க் மாட்டியிருப்பதில் அப்படி என்ன குறை என்று கேட்டார்.

எக்ஸ்பர்ட் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"டிஸ்க்னா எது மேடம்?"

"இவர் என் ஜீப் டிரைவர். உங்க வீட்டம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பிச்சாரு" என்றார் இன்ஸ்பெக்டர். "வாங்க, போகலாம். வண்டி மட்டும் நல்லா ஓட்டுவாரு."

விலங்கு வாட்சுக்கு மேலே பூட்டப்பட்டது. வாசலில் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்தார். படிக்கட்டுக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. முணுமுணுப்பும் கேட்டது.

"மேடம்... ஒரே ஒரு உதவி. அதை மட்டும் நிறுத்திடாதீங்க. நானூத்திப் பன்னிரண்டு நாள். யாருமே இந்த ரெக்கார்டைத் தொட்டதில்லை."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"கவலையே படாதீங்க சார். நீங்க உள்ளே நிக்காம ஓட்டப்போற நாட்களை எண்ண ஆரம்பிச்சா... அந்த ரெக்கார்டை நீங்களே முறியடிச்சிடுவீங்க."